‘சிஸ்டம் அப்படித்தான்’ என்கிறார்கள். அந்த சிஸ்டத்துக்கு வாசல் எந்தப் பக்கம்?

தண்ணீர்மலை · வெள்ளி, இரவு 11.40

என் தங்கை பினாங்குத் தீவில், பாயான் பாருவில் ஒட்டுக்கடை வைத்திருக்கிறாள். காலையில் தோசை, இட்லி. மதியம் சோறு, கோழிக்குழம்பு. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வேறு வழியில்லாமல் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் ஆப் ஒன்றில் சேர்ந்தாள். பெயர் வேண்டாம். பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்றால் ஏறக்குறைய மூன்று வெள்ளி அவர்களுக்கு. கட்டுப்படியாகவில்லை என்று ஆப்பில் மட்டும் விலையைக் கூட்டி வைத்தாள். ‘ஏன் ரெண்டு விலை?’ என்று சண்டைக்கு வருகிறவர்கள் அவளிடம்தான் வருவார்கள், ஆப்பிடம் போக மாட்டார்கள்.

போன மாதம் ஒரு காலை பார்த்தால் கணக்கு மூடிக் கிடக்கிறது. விதிமீறல் என்று ஒரே ஒரு வரி. எந்த விதி, யார் புகார் சொன்னது, ஒன்றும் இல்லை. உரையாடல் பெட்டியில் எழுதினால் ‘உங்கள் கோரிக்கையைப் பெற்றுக்கொண்டோம்’ என்று பதில் வருகிறது. மறுநாள் எழுதினாலும் அதே பதில், அதே சிரித்த முகப் படம். நாலைந்து நாள் அலைந்து ஒரு மனிதக் குரலைப் பிடித்தோம். அந்தப் பெண் நல்ல மாதிரிதான் பேசினாள். "அது சிஸ்டம் எடுத்த முடிவு அக்கா, எங்களாலேயே உள்ளே பார்க்க முடியாது."

எங்கள் அப்பா கெடாவில், பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சம்பளத்தில் பிடித்தம் அதிகமானால் தோட்ட எழுத்தரான கிராணியிடம் போவார். கிராணி விரட்டினால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு துரை ஆபீஸ் வாசலில் நிற்பார். கேவலமான நிற்புதான். ஆனாலும் நிற்பதற்கு ஒரு வாசல் இருந்தது.

கம்பெனி நமக்குப் புதிதும் இல்லை. இந்தத் தீவே ஒரு கம்பெனிக்காகப் பிடித்த ஊர். 1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இங்கே இறங்கினார். கெடா சுல்தான் எதிர்பார்த்தது சயாமிடமிருந்து பாதுகாப்பு. கடைசியில் கிடைத்தது 1791 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர். 1821-இல் சயாம் படை கெடாவுக்குள் நுழைந்தபோது கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அந்தக் காலத்தில் தீவை நடத்தப் பணம் எப்படி வந்தது தெரியுமா? அபின், சாராயம், சூதாட்டம் இவற்றின் உரிமையை ஏலம் விட்டு.

சரி, என் கேள்வி. கம்பெனியின் பலம் அதன் பணத்தில் இருக்கிறதா, கேள்வி கேட்க ஆளே இல்லாமல் செய்துவிட்டதில் இருக்கிறதா? நான் இரண்டாவது என்கிறேன். திட்டுகிறவர்கள் திட்டலாம்.


கித்தாமரம் · சனி, காலை 6.05

தம்பி, ஆறு மணிக்கே பதில் போடுகிறேன். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியற்காலை ஆள்கணக்கு எடுப்பதற்கு, எழுந்து பழகிய உடம்பு, எழுபது வயதிலும் தூங்க விடாது.

துரை வாசலை இவ்வளவு அழகாக்காதே. அந்த வாசலில் நின்ற எத்தனை பேருக்கு நியாயம் கிடைத்தது? உன் அப்பாவுக்கு ஒரு தடவையாவது பிடித்தம் திரும்பி வந்ததா, கேட்டுப் பார்த்தாயா? 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தோட்டத்து ஆள்கள் வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வு ஒன்று. இன்னொன்று, துரைமார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னது. பட்டாளத்தை வரவழைத்தார்கள், சுட்டார்கள், ஆள்கள் செத்தார்கள். முன்னால் நின்ற ஆர்.எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசல் இருந்தது, உண்மை. அது எந்தப் பக்கம் திறந்தது என்றும் சொல்ல வேண்டும் அல்லவா?

தோட்டத்தில் கம்பெனியின் பிடி சம்பளத்தில் மட்டும் இல்லை. லயத்து வீடு அவனுடையது. தண்ணீர்க் குழாய் அவனுடையது. ஆயாக்கொட்டகை, டிஸ்பென்சரி, கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி நிற்கிற நிலம், மாரியம்மன் கோயில் நிற்கிற நிலம், எல்லாம் அவனுடையது. வேலை போனால் வீடு போகும், வீடு போனால் பிள்ளையின் பள்ளிக்கூடம் போகும். எங்கள் தோட்டத்தை விற்றபோது எங்களுக்குக் கொடுத்தது மூன்று மாத நோட்டீஸ், ஒரு ஆட்டுக்கறி விருந்து. இப்போது அது தாமான், குடியிருப்புப் பகுதி. எங்கள் லயம் இருந்த இடத்தில் கார் கழுவும் கடை இருக்கிறது. நான் ஒருமுறை வண்டியைக் கழுவக் கொடுத்துவிட்டு, அம்மாவின் அடுப்பு எங்கே இருந்திருக்கும் என்று அளந்து பார்த்தேன்.

உன் தங்கைக்கு ஆப் போனாலும் கடை இருக்கிறது, வீடு இருக்கிறது. அதை மறந்துவிடாதே.


சில்லு அக்கா · சனி, காலை 9.30

கித்தாமரம் ஐயா சொன்னதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நான் இன்னொரு கதை சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம்.

1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. அப்போது பினாங்கில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைக்கு மேல். துறைமுகத்தின் வரியில்லாச் சலுகை போயிருந்தது. முதல்வர் லிம் சோங் இயூ வெளிநாட்டுக் கம்பெனிகளைத் தேடிப் போய்க் கூட்டி வந்தார். இன்டெல், ஏஎம்டி, எச்பி, ஹிட்டாச்சி, பாஷ் என்று முதலில் வந்த எட்டுப் பேரை இன்றும் ‘எட்டு சாமுராய்’ என்பார்கள். வரிச்சலுகை கொட்டிக் கொடுத்தோம். நான் 1979-இல் 18 வயதில் ஒரு ஆலையில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டும் வேலை. ஊரில் ‘மினா காரான்’ என்று, ஆலைக்குப் போகிற பெண்களுக்கு வைத்த பட்டப்பெயரால் கேலி பேசினார்கள். பேசட்டுமே! என் கையில் என் பெயர் போட்ட சம்பள உறை இருந்தது. அண்ணன்மார் யாரையும் கேட்காமல் ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். அம்மா காலம் முழுக்கத் தோட்டத்தில் உழைத்தவர், சம்பளத்தை அப்பாதான் வாங்குவார்.

அந்தக் கம்பெனியைத் திட்டச் சொன்னால் எனக்கு வாய் வராது.

ஆனால் கணக்கும் தெரியும். மின்னணுத் துறையில் எங்களுக்குச் சங்கமே கூடாது என்றிருந்தது. 1988-இல்தான் ஆலைக்குள்ளேயே ஒரு சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வட்டாரச் சங்கம் அனுமதிக்கப்பட 2009 ஆனது. 1985 மந்தத்தில் ஆள்குறைப்பு வந்தபோது எங்களுக்காகப் பேச யாரும் கிடையாது. பெயர் ஒட்டிய பலகையைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் அழுதுகொண்டே வந்தோம். இப்போது உலகத்துக் கணினிச் சில்லுகளைச் சோதித்துப் பொதிகிற வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. ஆனால் நான் இருந்த வரிசையில் இன்று உட்கார்ந்திருப்பவர்கள் ஏஜெண்டு மூலம் வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள். அவர்கள் கம்பெனியின் ஆள்கூட இல்லை, ஏஜெண்டின் ஆள். தண்ணீர்மலை சொல்கிற ‘வாசல் இல்லை’ என்பது அங்கே எனக்குப் புரிகிறது.


ரொட்டி சானாய் · சனி, காலை 10.12

பெரிய கம்பெனி கெட்டது, சின்னக் கடை நல்லது என்று ஆரம்பித்துவிட்டீர்கள். என் முதல் வேலை நம்மவர் கடையில்தான். முதலாளி என்னை ‘தம்பி, நீ என் பிள்ளை மாதிரி’ என்பார். இரண்டு வருடம் இ.பி.எஃப் (ஓய்வுக்கால சேமநிதி) கட்டவில்லை, சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) இல்லை, ஓ.டி என்றால் ஒரு தே தாரே. வாசல் திறந்தேதான் இருந்தது, கல்லாவில் அவரே உட்கார்ந்திருப்பார். என்ன பிரயோசனம்? இப்போது பன்னாட்டுக் கம்பெனியில் இருக்கிறேன், சம்பளம் ஒருநாள் தள்ளியது கிடையாது.

அப்புறம், தங்கச்சி கடை எங்கே? கோழிக்குழம்பு என்று எழுதிவிட்டு இடத்தைச் சொல்லாமல் விட்டால் எப்படி?


செந்தூல் கணக்கர் · சனி, மதியம் 1.45

ரொட்டி சானாய் கேட்டது நியாயமான கேள்வி. குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தை எதிர்த்துக் கூச்சல் போட்டவர்களில் சின்ன முதலாளிகளும் உண்டு.

எனக்கு வேறொரு உறுத்தல். ‘கம்பெனி’ என்று நாம் விரலை நீட்டுகிறோமே, அது யாருடையது? 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்தில் தோட்டங்கள் வைத்திருந்த கத்ரி நிறுவனத்தை நம் அரசு முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நாசியோனல் வாங்கி முடித்தது. விடியற்காலைத் தாக்குதல் என்று பள்ளிப் புத்தகம்வரை பெருமையாகச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான், நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வெள்ளைக்காரக் கம்பெனி ஒரே காலையில் மலேசியக் கம்பெனி ஆனது. ஆனால் மறுநாள் காலை பெரட்டில் என்ன மாறியது? கித்தாமரம் ஐயா சொல்லட்டும். நாடு முழுமைக்கும் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று வந்ததே 2013-இல்தான், தீபகற்பத்தில் 900 வெள்ளி. விடியற்காலைத் தாக்குதலுக்கு 32 வருடம் கழித்து! இன்று 1,700.

இன்னும் கிட்டே வருகிறேன். நான் வாராவாரம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் டோல் கட்டித் திட்டிக்கொண்டே பினாங்கு வருகிறேன். அந்த பிளஸ் நிறுவனத்தில் 51 விழுக்காடு யூ.இ.எம். குழுமத்துக்கு, அதாவது அரசு முதலீட்டு நிதியான கசானாவுக்கு. மீதி 49 விழுக்காடு இ.பி.எஃப்-க்கு. 2020-இல் கட்டணத்தை 18 விழுக்காடு குறைத்தார்கள், கைதட்டினோம். அதற்கு ஈடாக 2038-இல் முடிய வேண்டிய உரிமம் 2058 வரை நீண்டது. என் பேரன் லைசென்ஸ் எடுத்த பிறகும் டோல் இருக்கும். அதே நான், 2024-க்கு இ.பி.எஃப் 6.30 விழுக்காடு லாப ஈவு அறிவித்தபோது வீட்டில் கேசரி செய்யச் சொன்னேன்.

ஆக, திட்டுகிறவனும் நான், லாபம் வாங்குகிறவனும் நான். ஆனால் இரண்டும் ஒரே அளவு இல்லை என்பதுதான் சூட்சுமம். டோல் எல்லாருக்கும் ஒன்று. ஈவு, கணக்கில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப. லோரி ஓட்டுகிறவர் கட்டுகிற டோலில் என் ஓய்வுக்காலம் கொஞ்சம் குளிர்கிறது. இதைக் கணக்கில் எழுத ஒரு தலைப்பு கிடையாது.


கித்தாமரம் · சனி, மாலை 3.20

மேற்கோள்: "மறுநாள் காலை பெரட்டில் என்ன மாறியது?"

பெயர்ப்பலகை மாறியது. பங்களாவில் கிளப்புக்குப் போகிற துரைக்குப் பதிலாகத் தொழுகைக்குப் போகிற துரை வந்தார். நல்ல மனிதர், தீபாவளிக்கு வீட்டுக்கு வருவார். மரம் வெட்டுகிற நிரை அதேதான், மழை பெய்தால் வேலை இல்லாததும் அதேதான்.

ஆனால் நம்மாலும் ஒரு காரியம் முடிந்தது என்று சொல்ல வேண்டும். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்றார்கள், ஆள்கள் தெருவுக்கு வந்தார்கள். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்கு சேர்த்தார். அந்தப் பத்து வெள்ளி அன்று சின்னக் காசு இல்லை. அந்தக் காசில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பால்மரம் வெட்டுகிறவனே பங்குதாரன். கம்பெனி பெரிது என்றால் நாமும் பெரிதாகலாம் என்று காட்டிய ஒரே காலம் அது என்பது என் எண்ணம். பிறகு 1980-களில் நம் சமுதாயத்திடம் ம.இ.கா. கட்சி தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் பங்கு திரட்டியது. அந்தப் பேச்சை எடுத்தால் இந்த இழை நாறிவிடும், விடுங்கள்.


வாய்தா · சனி, இரவு 8.50

சட்டம் படிக்கிறேன், கடைசி ஆண்டு. தண்ணீர்மலை அண்ணே, உங்கள் தங்கையின் பிரச்சினை சட்டப்படி பார்த்தால் இன்னும் விசித்திரம்.

மோட்டாரில் உணவு கொண்டுபோகிற தம்பிக்கு ஒரு வாசல் வருகிறது. 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய கிக் தொழிலாளர் (ஆப் வழி வேலை செய்கிறவர்கள் போன்றோர்) மசோதாவில் காரணம் சொல்லாமல் வெளியேற்றுவதற்கு எதிராகப் பாதுகாப்பு இருக்கிறது, தீர்ப்பாயமும் இருக்கிறது. வாங்கிச் சாப்பிடுகிறவருக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. நடுவில் அடுப்பங்கரையில் நிற்கிற உங்கள் தங்கை தொழிலாளியும் இல்லை, பயனீட்டாளரும் இல்லை. அவர் ‘வணிகப் பங்காளி’. பங்காளி என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். வழக்கறிஞர் இல்லாமல் 5,000 வெள்ளி வரை சிறு கோரிக்கை வழக்குப் போடலாம், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில். நிறுத்தி வைத்த விற்பனைப் பணம் ஏதாவது இருந்தால் அதற்கு இது உதவும். கணக்கைத் திறக்க உதவாது.

வணிகப் போட்டிச் சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 2010-இல் இயற்றி 2012-இல் நடப்புக்கு வந்த சட்டம் அது. பொதுவாக இரண்டு கம்பெனி ஒன்றாகச் சேர்வதைத் தடுக்கும் அதிகாரத்தை அதில் வைக்கவே இல்லை. 2018 மார்ச்சில் கிரேப், ஊபரின் தென்கிழக்காசியத் தொழிலை வாங்கியது ஞாபகம் இருக்கும். அதே ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூரின் வணிகப் போட்டி ஆணையம் இருவருக்கும் சேர்த்து சுமார் 13 மில்லியன் சிங்கப்பூர் டாலர் அபராதம் போட்டது. இங்கே ஆணையம் சேர்க்கையைத் தொடமுடியாமல், ஓட்டுநர்கள் போட்டியாளர்களின் விளம்பரத்தை ஏற்றக்கூடாது என்ற நிபந்தனையைப் பிடித்து, 2019 அக்டோபரில் 86 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் அபராதம் முன்மொழிந்தது. யானை போன பிறகு வாலைப் பிடிப்பது போல.

கோழிக்குழம்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. கோழித்தீவன விலையைப் பேசி வைத்துக்கொண்டு ஏற்றினார்கள் என்று அதே ஆணையம் 2023 டிசம்பரில் ஐந்து தீவன நிறுவனங்களுக்கு 415.5 மில்லியன் ரிங்கிட் அபராதம் விதித்தது. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். ஆப் எடுக்கிற மூன்று வெள்ளி கண்ணுக்குத் தெரிகிறது. தீவனத்தில் ஐந்து காசு ஏறினால் நமக்கு ‘கோழி விலை ஏறிடுச்சு’ என்ற பேச்சு மட்டும்தான் தெரியும்.


தண்ணீர்மலை · ஞாயிறு, காலை 7.55

வாய்தா தம்பி, ‘பங்காளி’யைத் தங்கையிடம் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து மாவு கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

கித்தாமரம் ஐயா, அப்பாவுக்குப் பிடித்தம் திரும்பி வந்ததா என்று அம்மாவிடம் கேட்டேன். ஒரே ஒரு தடவை, இரண்டு வெள்ளி எழுபது காசு. அம்மாவுக்குத் தொகைகூட ஞாபகம் இருக்கிறது. ஆக நீங்கள் சொன்னது பாதி சரி. எனக்கும் பாதி மிச்சம் இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன் கோலாலம்பூரில் ஒரு கல்யாணம். போன இடத்தில், சரி பார்த்துவிடலாம் என்று அந்த ஆப்பின் அலுவலகம் இருக்கிற கட்டடத்துக்கே போனேன். கண்ணாடி மாளிகை, கீழே நறுமணம், உள்ளே போகக் கைப்பேசியில் குறியீடு காட்ட வேண்டும். காவலுக்கு இருந்தவர் நம்மவர், பேச்சுக் கொடுத்தேன். ‘மேலே போனாலும் யாரையும் பார்க்க முடியாதுண்ணே, தினம் உங்களை மாதிரி நாலு பேர் வர்றாங்க’ என்றார். அவரும் அந்தக் கட்டடத்தின் ஆள் இல்லையாம், குத்தகைக் கம்பெனி ஆள். ‘என் சம்பளம் தாமதமானா நானும் ஒரு ஆப்லதான் எழுதணும்’ என்றார். இருவரும் வெளியே போய் ஆளுக்கொரு கோப்பி குடித்தோம். காசு அவர்தான் கொடுத்தார், விடவே இல்லை.


பழைய தொண்டர் · ஞாயிறு, காலை 11.30

சில காலம் பயனீட்டாளர் இயக்கத்தோடு அலைந்தவன் நான். வாசல் இல்லை என்று புலம்புகிறவர்கள் ஈப்போ பக்கம் புக்கிட் மேரா கதையைக் கேளுங்கள். 1982-இல் அங்கே ஜப்பானிய மிட்சுபிஷி குழுமத்தின் பங்கோடு அரிய மண் தாதுவைப் பிரிக்கும் ஆலை வந்தது. தோரியம் கலந்த கழிவு, கதிர்வீச்சு. கிராமத்து மக்கள் 1985-இல் வழக்குப் போட்டார்கள். விசாரணைக்கு ஆலைக்காரர்கள் காரில் வருவார்கள், கிராமத்து ஆள்கள் கூட்டம் கூட்டமாக நடந்தே ஈப்போவுக்கு வந்ததும் உண்டு. 1992-இல் உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கம்பெனி ஜெயித்துவிட்டது. அடுத்த மாதமே கம்பெனி தானாக ஆலையை மூடியது! நீதிமன்றத்தில் ஜெயித்தவன் ஏன் கடையைக் கட்டுகிறான்? ஊரும் உலகமும் பார்த்துக்கொண்டிருந்தது, அதனால். பின்னால் கழிவை அப்புறப்படுத்த 100 மில்லியன் அமெரிக்க டாலர் அளவுக்குச் செலவானது.

இன்னொன்று. 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி சைம் டார்பி பிளாண்டேஷனின் செம்பனை எண்ணெயைத் துறைமுகத்தில் நிறுத்தியது. அதன் பிறகு தொழிலாளர்கள் ஏஜெண்டுகளுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், தடை 2023-இல் நீங்கியது. செந்தூல் கணக்கர் சொன்ன அதே கத்ரி வழிவந்த தோட்டங்கள்தான் அதில் இருக்கின்றன. இன்று பெயரே எஸ்டி கத்ரி. வாசல் இருந்தது ஐயா, ஆனால் வாஷிங்டனில் இருந்தது. இங்கேயே நமக்கு ஒன்று திறந்திருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்.


சில்லு அக்கா · ஞாயிறு, மதியம் 12.10

பழைய தொண்டர் சொன்னதில் ஒரு விஷயம் மனத்தில் தைக்கிறது. புக்கிட் மேரா மக்கள் ஒரே இடத்தில் வாழ்ந்தவர்கள். ஒருவர் வீட்டு வாசலில் இன்னொருவர் உட்காரலாம். தோட்டமும் அப்படி, எங்கள் ஆலையும் அப்படி. இடைவேளையில் கழிப்பறையில் நின்று பேசித்தான் எங்கள் சங்கமே ஆரம்பித்தது. தண்ணீர்மலை தங்கையைப் போல அதே ஆப்பில் கணக்கு மூடப்பட்டவர் பக்கத்துத் தாமானில் இருக்கலாம், அவளுக்கு எப்படித் தெரியும்? கம்பெனிக்கு மட்டும்தான் எல்லாரையும் தெரியும்.

தண்ணீர்மலை, பினாங்கு ஒட்டுக்கடைக்காரர்களுக்கு வாட்சாப் குழு ஒன்றைத் தொடங்கச் சொல்லுங்கள். என் அக்கா மகள் ஆயர் ஈத்தாமில் கேக் விற்கிறாள், அவளையும் சேர்க்கிறேன்.


தண்ணீர்மலை · புதன், இரவு 10.25

புதுத் தகவல். குழுவில் இதுவரை 23 பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஆறு பேருக்குக் கணக்கு மூடிய கதை இருக்கிறது. மூன்று பேருக்கு ஒரே வாரத்தில் மூடியிருக்கிறது.

இன்று காலை தங்கையின் கணக்கு தானாகத் திறந்துகொண்டது. காரணம் மூடும்போதும் சொல்லவில்லை, திறக்கும்போதும் சொல்லவில்லை. ‘மீண்டும் வருக’ என்று ஒரு செய்தி, கூடவே இந்த வாரம் 20 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால் முதல் பக்கத்தில் காட்டுவோம் என்ற சலுகை. தள்ளுபடி அவள் கையிலிருந்து. அவள் இன்னும் பொத்தானைத் தட்டவில்லை. ‘பதினெட்டு நாளா அது இல்லாமத்தானே மாவு தீர்ந்துச்சு’ என்கிறாள். பாதி விற்பனைதான் நடந்தது என்பது எனக்குத் தெரியும். வாடகை தேதி நெருங்குகிறது, தட்டுவாள் என்றுதான் நினைக்கிறேன்.


ரொட்டி சானாய் · புதன், இரவு 10.31

இடத்தை இன்னும் சொல்லவில்லை.


தண்ணீர்மலை · புதன், இரவு 10.40

பாயான் பாரு சந்தைக்குப் பின்னால், பச்சைக் குடை. திங்கள் விடுமுறை. பதினொரு மணிக்குள் வந்தால் தோசை கிடைக்கும்.